பழைய பாம் III: நினைவகத்தைப் புரிந்துகொண்டு மீட்பது எப்படி

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்தில் பழைய பாம் கருவியை, அதாவது முகவரியும் குறிப்பும் எழுதி வைக்கும் கையடக்கக் கணினியை, கையில் எடுப்பவர்கள் முதலில் செய்வது புது பேட்டரி செல் போடுவது. அந்த வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கருவியோடு அன்று இணைத்து வைத்திருந்த கணினி எங்கே என்று முதலில் கேளுங்கள். பழுதாகி மூலையில் கிடந்தாலும் சரி, அதன் ஹார்ட் டிஸ்க் போதும். நீங்கள் தேடும் முகவரிகளும் கணக்குகளும் இருப்பதானால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1998இல் வந்த பாம் III, அடுத்து வந்த IIIx, IIIe, IIIxe எல்லாவற்றிலும் இரண்டு வகை நினைவகம் உண்டு. ரோம் (ROM) என்ற நிலையான நினைவகத்தில் இயங்குதளமும் முகவரி, நாட்குறிப்பு, மெமோ, செய்ய வேண்டியவை என்ற நான்கு செயலிகளும் உள்ளன. அவை மின்சாரம் போனாலும் அழியாது. நீங்கள் எழுதியதும், பிறகு ஏற்றிய செயலிகளும் ரேம் (RAM) என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். பாம் III-இல் இது 2 எம்.பி., IIIx-இல் 4, IIIxe-இல் 8. இந்த ரேம்தான் கணினியின் ஹார்ட் டிஸ்க் செய்யும் வேலையையும் செய்கிறது, ஆனால் செல் தீர்ந்தால் எல்லாம் போய்விடும். பத்து வருடம் செல் இல்லாமல் கிடந்த கருவியின் ரேமில் எதுவும் மிச்சம் இருக்காது. ரேமைப் பிரித்தெடுத்து மீட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னும் உயிரோடு இருக்கும் கருவி என்றால் கதை வேறு. உள்ளே இருக்கும் கெபாசிட்டர், செல் மாற்றும்போது ஏறக்குறைய ஒரு நிமிடம் ரேமைத் தாங்கும் என்பது புதுசாக இருந்தபோது உள்ள கணக்கு. இப்போது அது எவ்வளவு தாங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரண்டு டிரிபிள் ஏ செல்களும் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒவ்வொன்றாக மாற்றினால் பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். ஒன்றைக் கழற்றினாலே இரண்டும் துண்டாகிவிடும். ஆகவே முதலில் நகல் எடுங்கள், அப்புறம் செல் மாற்றுங்கள். புது செல்களை மேசையில் எடுத்து வைத்து, கருவியை அணைத்துவிட்டு, தாமதிக்காமல் மாற்றுங்கள்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும் ஊர்களில் செல் கசிந்த கருவிகளே அதிகம் கைக்கு வரும். ஆல்கலைன் செல்லிலிருந்து வடிவது காரம். அதனால் வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு, வெள்ளைப் படிவு கரையும்வரை தொடுமுனைகளைத் துடையுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். வினிகரை ஊற்றக் கூடாது, அது பலகைக்குள் இறங்கினால் செம்புத் தடங்களை அரிக்கும். ஈரம் போக அரிசி மூட்டைக்குள் புதைக்கும் பழக்கமும் வேண்டாம், தவிட்டுத் தூசி பொத்தான்களுக்குள் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட டப்பா போதும்.

இப்போது பழைய கணினிக்கு வருவோம். விண்டோஸில் பாம் டெஸ்க்டாப் என்ற பாமின் கணினி மென்பொருளின் கோப்புறைக்குள் பயனர் பெயரில் ஓர் உட்கோப்புறை இருக்கும். அதை முழுசாக வேறு இடத்துக்கு நகலெடுங்கள். காலிக் கருவியை ஹாட்சிங்க் (கணினியோடு ஒத்திசைத்தல்) செய்யும்போது கருவியே கணினியை மேலெழுதும்படி அமைப்பு இருந்தால், கணினியில் உள்ளதும் சேர்ந்து காலியாகும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பேக்அப் என்ற கோப்புறையில் மெமோவைத் தேடி, இல்லை என்று கைவிடுகிறார்கள். நான்கு அடிப்படைச் செயலிகளின் தகவல் அங்கே இராது, அந்தந்தச் செயலியின் பெயருள்ள தனிக் கோப்புறைகளில் இருக்கும். பேக்அப்பில் இருப்பவை பிற செயலிகளும் அவற்றின் தகவல்களும். அவற்றிலும் பேக்அப் குறி போட்டவை மட்டுமே நகலாகியிருக்கும்.

கருவியிலிருந்து நேரடியாக நகலெடுக்க லினக்ஸில் பைலட்-லிங்க் என்ற மென்பொருள் தொகுப்பே எளிது. அதன் பைலட்-எக்ஸ்ஃபர் கட்டளை ரேமில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களையும் எடுக்கும். கிரேடிலில் (கருவியை வைத்துக் கணினியோடு இணைக்கும் தாங்கி) 9 பின் சீரியல் போர்ட் இருப்பதால் யு.எஸ்.பி. மாற்றி ஒன்று வேண்டும். கட்டளையை முதலில் கொடுத்துவிட்டு ஹாட்சிங்க் பொத்தானை அழுத்துங்கள். எம்500 போன்ற யு.எஸ்.பி. பாம்களில் இது தலைகீழ், பொத்தானை அழுத்திய பிறகுதான் கருவி கணினிக்குத் தெரியும். இணைப்பு நடுவில் அறுந்தால் வேகத்தை 9600-க்குக் குறைத்துப் பாருங்கள்.

கோப்பு பழுதாகித் திறக்காவிட்டாலும் தகவல் போய்விடவில்லை. பாம் தரவுத்தளக் கோப்பின் தொடக்கத்தில் உள்ள தலைப்பகுதி 78 பைட். முதல் 32 பைட்டில் பெயர், 76ஆம் இடத்திலிருந்து 2 பைட்டில் பதிவுகளின் எண்ணிக்கை. அதைத் தொடர்ந்து ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட்: 4 பைட் அந்தப் பதிவு தொடங்கும் இடம், 1 பைட் தன்மை, 3 பைட் அடையாள எண். மெமோ பதிவுகள் வெறும் எழுத்துதான், கோப்பின் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் படிக்கலாம். கடவுச்சொல் போட்டு மறைத்த குறிப்புகளும் படிக்கக் கிடைக்கும், தன்மை பைட்டில் ஒரு பிட் மாறியிருக்கும், அவ்வளவே. அடுத்தவர் கருவியைச் சரிசெய்பவர்கள் இதை மனதில் வைத்து நடந்துகொள்ள வேண்டும்.

கருவியில் தமிழ் எழுத்து கிடையாது. நம் எல்லைப் பக்கத்தார் ஆங்கில எழுத்தில் தமிழும் மலையாளமும் கலந்து எழுதியிருப்பார்கள். தேங்காய்க் கணக்கைத் தேடினால் முழுச் சொல்லையும் போடாதீர்கள், முதல் நாலைந்து எழுத்தைப் போட்டுத் தேடுங்கள். தமிழ்படி எழுதியதும் மலையாளத்துப்படி எழுதியதும் இரண்டும் சிக்கும்.

மீட்டதைக் கருவியில் திரும்ப ஏற்றும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். முதலில் ஹார்ட் ரீசெட்: பவர் பொத்தானை அழுத்திக்கொண்டே பின்புறத் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் தொட்டுவிடுங்கள். ஊசி கூடாது. பிறகு பவரை விட்டு, திரையில் கேட்கும்போது மேல் ஸ்க்ரோல் பொத்தானை அழுத்தினால் ரேம் காலியாகும். நான்கு அடிப்படைத் தரவுத்தளங்களை ஏற்றிச் சரிபாருங்கள். அடுத்து செயலிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சேவ்டு பிரிஃபரன்சஸ் என்ற பெயருள்ள அமைப்புக் கோப்பை வேறு பதிப்பு இயங்குதளத்தில் ஏற்ற வேண்டாம்.

ஃபேட்டல் எக்செப்ஷன் என்று பிழைச் செய்தி வந்து கருவி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் பதற வேண்டாம். செயலிகள் ரேமில் இருந்த இடத்திலேயே ஓடுவதால் ஒன்று கெட்டால் எல்லாமே தடுமாறும். மேல் ஸ்க்ரோல் பொத்தானை அழுத்தியபடி ரீசெட் துளையைத் தொட்டால் வார்ம் ரீசெட். ஏற்றிய செயலிகள் எழும்பாமலே கருவி திறக்கும். கடைசியாக ஏற்றியதை மெனுவில் உள்ள டிலீட் வழியாக நீக்குங்கள்.

முடிவில் தேதியை அமைக்கும்போது 2031-க்கு மேல் போகாது. ஆண்டுக்கு 1904 முதல் 7 பிட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது, நகல் கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, செல்களைக் கழற்றிவிடுங்கள்.