வயிற்றில் கரையும் புளி: மன அழுத்தம் உடம்பில் இறங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். ஈரக்குலை நடுங்கியது, துக்கம் தொண்டையை அடைத்தது, கை கால் உதறியது என்கிறோம். மனசில் நடப்பது உடம்பில்தான் தெரியும் என்பதைப் பேச்சிலேயே வைத்திருக்கும் நாம், அதே வயிறு மூன்று மாதமாக விடாமல் கலக்கினால் மட்டும் "ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலை" என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் முடித்தேன். வீட்டுக் கடன், ஆபீஸில் ஆட்குறைப்புப் பேச்சு, அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று எல்லாம் ஒன்றாக ஓடிய இரண்டு வருஷத்தில் எனக்கு நெஞ்சு படபடப்பு, காலையில் நாலு முறை பாத்ரூம், கழுத்தில் கல்லை வைத்த மாதிரி இறுக்கம், தொண்டையில் சோற்றுருண்டை நிற்பது போல ஓர் உணர்வு என்று வரிசையாக வந்தன. அவற்றைச் சமாளிக்க நான் செய்ததில் பாதிக்கு மேல் தவறு.

"டெஸ்ட்ல எல்லாம் நார்மல், உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் பிரமை" என்பார்கள். பிரமை இல்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினையும் கார்டிசாலையும் ரத்தத்தில் விடுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, தசை இறுகுகிறது, செரிமானம் தாறுமாறாகிறது. நாய் துரத்தினால் ஓடித் தப்பிக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது, ஓடி முடித்ததும் அடங்கிவிடும். இஎம்ஐ துரத்தும்போது ஓட இடமில்லை, ஆனாலும் உடம்பு அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது, அதையும் தினமும் செய்கிறது. படபடப்பும் வலியும் நிஜம்தான்.

சரி, தவறுகளுக்கு வருவோம். நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் "கேஸ்". சோடா குடி, ஓமத் தண்ணீர் குடி, ஒரு மாத்திரையைப் போட்டுப் படு. பல நேரம் அது கேஸாகவோ டென்ஷனாகவோதான் இருக்கும், ஆனால் அதை முடிவு செய்யும் இடம் நம் வீட்டு ஹால் இல்லை. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சை அழுத்துகிறது, நடப்பதை நிறுத்தினால் குறைகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, குப்பென்று வியர்க்கிறது, மயக்கம் வருகிறது என்றால் சோடா தேடாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பிலும் வலி தெளிவாகத் தெரியாமல் போகலாம். பதற்றக்காரர் என்று பெயர் எடுத்தவருக்கும் மாரடைப்பு வரும், அதை மறந்துவிடக் கூடாது.

நான் செய்தது இதற்கு நேர்மாறு. எட்டு மாதத்தில் நாலு ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில். ஒவ்வொரு முறையும் நார்மல். அந்த நிம்மதி மூன்று நாள் தாங்கும், நாலாவது நாள் "ஒருவேளை அவங்க சரியாப் பார்க்கலையோ" என்று ஆரம்பிக்கும். வீட்டுக்கு பிபி மெஷின் வேறு வாங்கினேன். முதல் தடவை 148 காட்டும், பயந்து உடனே மறுபடி பார்த்தால் 156, மூன்றாவது தடவை அதைவிட அதிகம். அளவு ஏறியதற்குக் காரணம் நான் அளந்ததுதான் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. உடம்பை உற்றுக் கேட்கக் கேட்க, வழக்கமாக நம் கவனத்துக்கே வராத ஒரு சின்னத் துடிப்புகூட இடி மாதிரி கேட்கும். மெஷினை அக்கா வீட்டுக்குக் கொடுத்த பிறகு எனக்கு பிபி குறைந்தது, இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஒரு டாக்டரிடம், ஒரே சுற்றில், ஒழுங்காக எல்லாம் பார்த்துவிட வேண்டும்: ரத்த அழுத்தம், ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் பி12. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வரும் நடுக்கமும் படபடப்பும் பதற்றத்தை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். ரத்தசோகையிலும் மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் ஒரு பெண் படபடப்பு என்று வந்தால் ரத்தம் பார்க்காமலே "டென்ஷன்மா, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்புவதும் தவறுதான்.

அப்புறம் மூச்சு. படபடப்பு வந்தவரைச் சுற்றி நின்று "நல்லா இழுத்து விடு, இன்னும் இழு" என்று எல்லோரும் சொல்வோம். அவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வேக வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் தலை கிறுகிறுக்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப் போகிறது, விரல்கள் மதமதத்து மடங்கிக்கொள்கின்றன. அதைப் பார்த்து பக்கவாதமோ என்று இன்னும் பயந்து, இன்னும் வேகமாக மூச்சு விட்டு, அது ஒரு சுழல். சினிமாவில் வருவதுபோல பேப்பர் கவரை மூக்கில் வைக்காதீர்கள், உண்மையில் ஆஸ்துமாவோ இதயப் பிரச்சினையோ இருந்தால் அது ஆபத்து. மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நன்றாக இருக்கும்போதே தினம் ஐந்து நிமிஷம் பழகிக்கொள்ளுங்கள், வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது. பீதி உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்தான், பிறகு தானாகவே இறங்கும்.

"நரம்புத் தளர்ச்சி" என்று ஒரு பெயர் இருக்கிறது, சுவர் விளம்பரங்கள் புண்ணியத்தில். கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி, அசதியாக இருந்தால் சத்து ஊசி, இன்னும் அசதி என்றால் ஒரு பாட்டில் டிரிப்ஸ். ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூன் வரும். ஏற்றி முடித்ததும் தெம்பாக இருப்பது உண்மைதான், ஆனால் ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே யாரும் தொந்தரவு பண்ணாமல் படுத்திருந்ததுக்கும் அதில் பங்கு இருக்கும் என்பது என் சந்தேகம்.

இதைவிடப் பெரிய தவறு, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் "தூக்கம் வர ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்குவது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் அரை மணி நேரத்தில் அமைதியாக்கும். டாக்டர் பார்த்துக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தால் உதவும், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தலைவலி மாத்திரையும் அப்படித்தான், மாதத்தில் பதினைந்து நாள் போட்டால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். ராத்திரி இரண்டு பெக் போட்டால் தூக்கம் வரும், மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழுப்பியும் விடும். சாயங்காலம் ஆறு மணி காபி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

நான் கடைசியாகத்தான் உணர்ந்த தவறு, ஒதுங்கிப் போனது. பஸ்ஸில் ஒருமுறை படபடப்பு வந்ததால் பஸ்ஸை விட்டேன், கல்யாண மண்டபக் கூட்டத்தை விட்டேன், இதயம் வேகமாக அடிக்குமே என்று மாடிப்படியையும் விட்டேன். நடக்காத உடம்புக்கு நாலு படி ஏறினாலே இதயம் தடதடக்கும், அதையே நோய் என்று நினைத்து இன்னும் நடக்காமல் இருந்தேன். திரும்ப வந்தது ஒரே நாளில் இல்லை, முதல் வாரம் தெருமுனை, அடுத்த வாரம் இரண்டு ஸ்டாப் பஸ். படபடப்பு வந்தது, இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், போனது.

மனநல டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் 14416-க்குப் பேசிப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது, இலவசம், தமிழிலும் பேசலாம். மருந்து எழுதிக் கொடுத்தால் அதற்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள். பதற்றத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், முதல் சில நாள் குமட்டலும் பரபரப்பும் கூடலாம். அந்தச் சில நாளில்தான் பலர் "இது நமக்கு ஒத்து வரலை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

டாக்டரிடம் உடம்பை மட்டும் சொல்லி வீட்டு நிலவரத்தை மறைப்பதும் உண்டு, நான் ஆறு மாதம் மறைத்தேன். பிறகு ஒருவர் ஒரு நோட்டு போடச் சொன்னார்: எப்போது வந்தது, என்ன சாப்பிட்டேன், அதற்கு முன்னால் என்ன நடந்தது. ஒரு மாதத்தில் பதினான்கு பதிவு. அதில் ஒன்பது, டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் நாளுக்கு முந்தைய ராத்திரி. ஹோட்டல் சாப்பாடு இரண்டே நாள்தான்.