லினோகட்: முதல் பிளாக்கை ஒரு காபி இலையில் தொடங்குங்கள்

லினோகட் என்பது லினோலியம் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை ஏற்றி, காகிதத்தில் அச்செடுக்கும் கலை. செதுக்கும் அந்தத் தகடுதான் பிளாக். இதைப் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே மயில், யானை, அம்மன் முகம் என்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். வேண்டாம். ஒரு இலை போதும். ஏற்காட்டில் இருக்கிறீர்கள் என்றால் காபி இலை. பளபளப்பாக, ஓரம் லேசாக நெளிந்து, நரம்புகள் எண்ணுகிற மாதிரி தெளிவாக இருக்கும். சேலத்திலேயே என்றால் மா இலை.

ஏன் இலை? இந்த அச்சில் செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக வரும், விட்டுவைத்த இடம் மை பிடித்துக் கறுப்பாக விழும். காகிதத்தில் பென்சிலால் கறுப்புக் கோடு போட்டே பழகிய கைக்கு இது முதலில் பிடிபடாது. கறுப்புக் கோடு வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் செதுக்கித் தள்ள வேண்டும், கை ஓய்ந்துவிடும். வெள்ளைக் கோடு என்றால் கத்தி போன வழியே கோடு. ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டிச் செய்த காந்தி லினோகட்டைத் தேடிப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள்தான். தடியூன்றி நடக்கும் மனிதர் முழுசாக வந்துவிட்டார். நம் இலைக்கும் அதே வழிதான்: நடுநரம்பு, கிளைநரம்பு, ஓரம். மற்றதெல்லாம் கறுப்பாகவே இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை

லினோலியம் என்பது ஆளி விதை எண்ணெய், தக்கைத் தூள், மரத்தூள், பிசின் எல்லாம் சேர்த்துச் சணல் துணியில் படிய வைத்த தகடு. 1860களில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்டன் தரைவிரிப்பாகக் கண்டுபிடித்தது. இன்று தரைவிரிப்புக் கடையில் லினோலியம் என்று கேட்டால் பெரும்பாலும் பிவிசி ஷீட்டைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது இதற்கு ஒத்துவராது. ஓவியப் பொருள் விற்கும் இடத்தில் கேளுங்கள், அல்லது ஆன்லைனில் வாங்குங்கள். 10க்கு 15 சென்டிமீட்டர் துண்டு போதும். மென்மையான ரப்பர் பிளாக்கும் கிடைக்கிறது. வெட்டுவது சுலபம், ஆனால் நுண்ணிய கோடு வழுக்கிக்கொண்டு ஓடும். என்னைக் கேட்டால் அசல் லினோதான்.

அப்புறம் வி வடிவ, யு வடிவ முனைகள் உள்ள கட்டர், ரப்பர் ரோலர், பிளாக் பிரிண்டிங் மை, மை தேய்க்க ஒரு கண்ணாடித் துண்டு, மரக்கரண்டி. காகிதம் வழவழப்பாக, ரொம்பத் தடிமன் இல்லாமல் இருந்தால் நல்லது. இன்னொன்று முக்கியம்: பிளாக் நகராமல் பிடிக்கும் பலகை. ஒரு பலகையின் மேல்பக்கம் ஒரு ஓரத்தில் ஒரு சட்டம், அடிப்பக்கம் எதிர் ஓரத்தில் ஒரு சட்டம். அடிச்சட்டம் மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்சட்டத்தில் பிளாக் முட்டி நிற்கும். பக்கத்துத் தச்சரிடம் சொன்னால் அடித்துக் கொடுத்துவிடுவார்.

படத்தை ஏற்றுவது

அச்சு இடவலம் மாறி விழும். அதனால் ட்ரேசிங் பேப்பரில் 2பி பென்சிலால் இலையை வரைந்து, வரைந்த பக்கத்தை லினோமேல் கவிழ்த்து, முதுகில் நகத்தாலோ கரண்டியாலோ தேயுங்கள். லினோவில் இடவலம் மாறி ஏறும், அச்சில் நேராகிவிடும். இலைக்கு இது பெரிய விஷயமில்லை. எழுத்து வெட்டும்போதுதான் வினை: கவிழ்க்காமல் ‘சேலம்’ என்று வெட்டினால் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். ஏற்றிய கோடுகள்மேல் அழியாத மார்க்கரால் ஒருமுறை போட்டுவிடுங்கள். பென்சில் கைபட்டுக் கலைந்துவிடும்.

வெட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். பிளாக்கைப் பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால். பிடிக்கும் கையைக் கத்திக்கு முன்னால் வைக்காதீர்கள், ஒரு வெட்டுக்குக்கூட. காயங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. கட்டரைச் சாய்த்துப் பிடித்து, உடம்பிலிருந்து விலக்கித் தள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழம் தாராளம். சணல் துணி எட்டிப் பார்த்தால் ரொம்ப ஆழம். வளைவு வந்தால் கையைத் திருப்பாமல் பிளாக்கைத் திருப்புங்கள், கோடு வழுவழுவென்று வரும்.

ஏற்காட்டுக் குளிரில் லினோ இறுகிப்போய்க் கோடு ஓரத்தில் பொடிந்து வரும். ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள். மூடுபனி நாளென்றால் ஒரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் லேசாக ஒற்றி எடுங்கள். கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி போகும். சேலத்தில் சித்திரை மாதம் இந்த வேலையே மிச்சம்.

மை, அச்சு

கண்ணாடியில் கொஞ்சமாக மை வைத்து ரோலரை மேலும் கீழும், குறுக்கிலும் ஓட்டுங்கள். மை சரியான பதத்துக்கு வந்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம் வரும். சளக் சளக்கென்று வந்தால் மை கூடிவிட்டது. அதை அப்படியே ஏற்றினால் நீங்கள் வெட்டிய நரம்பெல்லாம் அடைத்துக்கொள்ளும். மெல்லிய படலமாக மூன்று நான்கு முறை ஏற்றுங்கள்.

காகிதத்தை மேலே விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டி முதுகால் அழுத்தித் தேயுங்கள். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மறுமூலையைத் தூக்கிப் பார்க்கலாம். எங்கே வெளிறியிருக்கிறதோ அங்கே திரும்பத் தேய்க்கலாம். முதல் அச்சு எப்போதும் மங்கலாகத்தான் வரும், லினோ மையைக் குடிக்கும். பார்த்து மனசு விடாதீர்கள். மூன்றாவது நான்காவது தாளில் கறுப்பு நிறைந்து வரும்.

தண்ணீரில் கரையும் மை சேலத்து வெயிலில் கண்ணாடியிலேயே காய்ந்துவிடும். காலையில் வேலையை முடியுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். எண்ணெய் மைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மலைமேல் ஈரக்காற்றில் அச்சு காய நாள்கணக்கில் ஆகும். கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள், அடுக்கி வைக்காதீர்கள்.

வகுப்பில் சேர்வதானால்

ஐந்தாறு பேருக்குமேல் உள்ள வகுப்பு வேண்டாம். உங்கள் கை எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆளுக்கொரு கட்டர் உண்டா? என் படத்தை நானே வெட்டலாமா, இல்லை ஏற்கெனவே வெட்டிய பிளாக்கில் மை மட்டும் பூசுவதா? பிளாக்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் நான் சேர மாட்டேன்.

எண்ணெய் மை என்றால் கண்ணாடியையும் ரோலரையும் முதலில் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் மையில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துப் போட்டுக் காயவிட்டு, அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள்.