இராகம் குளிசை இல்லை: இசைச் சிகிச்சையில் நாங்கள் விடும் பிழைகள்

பெரியம்மாவின் தலைமாட்டில் போன் பாடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ‘பிறசர் குறைக்கும் இராகம்’. வீணை நன்றாகக் கனிந்து வந்த நேரம் இடையில் ஒரு சவர்க்கார விளம்பரம் வீறிட்டது. மனுசி திடுக்கிட்டு எழும்பி இருந்துவிட்டார். அந்த நேரம் பிறசர் பார்த்திருக்க வேண்டும்!

விளம்பரம் சின்ன விசயம். அவர் மூன்று நாளாகக் குளிசையை விட்டிருந்ததுதான் பெரிய பிழை. “158 இருந்தது, பாட்டுக் கேட்டாப் பிறகு 144. பார் பிள்ளை” என்று வீட்டு மெஷினைக் காட்டினார். கதிரையில் சாய்ந்து, கதைக்காமல் ஐந்து நிமிடம் இருந்தாலே அளவு இறங்கக்கூடும். கிளினிக்கில் பிறசர் பார்க்க முதல் எங்களை இருத்தி வைப்பதும் அதற்காகத்தான். இறங்கியது இராகத்தாலா, சும்மா இருந்ததாலா? இதைப் பிரித்தறியத்தான் ஆராய்ச்சிகளில் பாட்டுக் கேட்காத ஒரு குழுவையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். ‘இந்த நோய்க்கு இந்த இராகம்’ என்று சுற்றிவரும் பட்டியல்களுக்குப் பின்னால் அப்படியான ஒப்பீடு பெரும்பாலும் கிடையாது. முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனை பாடிச் சீடரின் வயிற்றுவலியைத் தீர்த்த கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கதை.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு மனச்சோர்வு பற்றி 2017இல் வெளியிட்ட தொகுப்பு 9 ஆய்வுகளையும் 421 பேரையும் பார்த்தது. இசைச் சிகிச்சை குறுகிய காலத்துக்குப் பலன் தந்தது உண்மை. ஆனால் வழக்கமான சிகிச்சையோடு அதையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் அந்தப் பலன் தெரிந்தது. அங்கே இசைச் சிகிச்சை என்றால் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து செய்வது. போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர் இல்லை.

அடுத்த பிழையை எங்கள் வீட்டிலேயே விட்டோம். பாரிசவாதம் வந்து படுத்த தாத்தாவுக்கு விடியற்புறம் தொடங்கித் திருவாசகம் போட்டோம். புண்ணியமாகத்தானே இருக்கும் என்ற நினைப்பு. இரண்டாம் நாள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, இழுத்த வாயால், “என்னை அனுப்பப் பாக்கிறியளோ?” என்றார். செத்தவீட்டில் திருவாசகம் படிக்கிற ஊரில் அவருக்கு வேறு என்ன தோன்றும்? பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டு றேடியோவில் பழைய சினிமாப் பாட்டொன்று போனது. அவரது வலக்கை விரல் இரண்டு கட்டில் சட்டத்தில் மெல்லத் தாளம் போட்டன.

பின்லாந்தில் பாரிசவாதம் வந்த 60 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரு குழு இரண்டு மாதம் நாளாந்தம் பாட்டுக் கேட்டது, ஒரு குழு ஒலிப்புத்தகம், மூன்றாவதற்கு இரண்டும் இல்லை. பாட்டுக் கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் கூடுதலாகத் தேறின. இதில் நாங்கள் கவனிக்கத் தவறுவது, பாட்டைத் தெரிந்தெடுத்தது நோயாளிகளே என்பதை. நல்ல பாட்டு எது என்று மகனோ மருமகளோ தீர்மானிக்கவில்லை. அதோடு, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு நாட்களில் காதில் விழுந்த ஒரு பாட்டு, சிலரை அந்தச் சனநெரிசலுக்குள்ளேயே திரும்பக் கொண்டுபோய் விடும். கேட்காமல் போடாதீர்கள்.

பாரிசவாதத்தால் பேச்சுப் போனவர் தேவாரத்தை வரி பிசகாமல் பாடினால் வீடே “கதை வந்திட்டுது” என்று குதூகலிக்கும். தெரிந்த பாட்டைப் பாடுவதும் “தண்ணி வேணும்” என்று தானாகச் சொல்வதும் ஒன்றல்ல. பாடும் ஆற்றல் மிஞ்சியிருப்பதைப் பிடித்துக்கொண்டு, சிறு சொற்றொடர்களை இராகமாக இழுத்து, இடக்கையால் தட்டித் தட்டிப் பழக்கும் முறை 1973 முதல் இருக்கிறது. அதைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். பாடுகிறாரே என்று கிளினிக்கை நிறுத்துவது பெரும் நட்டம்.

பிள்ளைகள் விசயத்தில் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். வயிற்றுப் பிள்ளைக்கு மொசார்ட் போட்டால் மூளை வளரும் என்ற கதையின் மூலம், 1993இல் 36 பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஒரு பரிசோதனை. கண்ட பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. ஓட்டிசம் உள்ள 364 பிள்ளைகளிடம் 9 நாடுகளில் நடந்த ஆய்வில் (2017), ஐந்து மாத இசைச் சிகிச்சையால் அறிகுறிகளின் கடுமை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2022 கொக்ரேன் தொகுப்போ மொத்தத்தில் சில முன்னேற்றங்களைக் கண்டது. குணமாக்கும் என்று காசு கேட்பவரிடமும் போக வேண்டாம், பிள்ளை ரசித்துத் தட்டுகிற மிருதங்க வகுப்பை நிறுத்தவும் வேண்டாம்.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், கோயில் லவுட்ஸ்பீக்கருக்குப் பழகிய காது எங்களுடையது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபெல், கிழமைக்கு 40 மணித்தியாலம். ஆஸ்பத்திரி விடுதியில் பக்கத்துக் கட்டிலுக்கும் ஓர் ஆள் இருக்கிறார், ஹெட்செற் கொண்டு போங்கள்.

பெரியம்மா இப்போது காலைக் குளிசையைப் போட்டபிறகுதான் பாட்டுப் போடுகிறார். விளம்பரம் வராமல் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். வீணை வேண்டாமாம். இலங்கை வானொலியில் ‘பொங்கும் பூம்புனல்’ நேரம் கேட்ட பாட்டுகளாம், பட்டியலை அவரே கொப்பியில் எழுதித் தந்தார்.