எப்போது முடியும் என்று தெரியாத நாட்களில் பக்கத்தில் ஒரு மரத்தைப் பாருங்கள்

வேலை போய் அடுத்தது எப்போது என்று தெரியாமல் இருப்பவர்கள், வீட்டில் ஒருவருக்கு சிகிச்சை நடந்து அடுத்த ஸ்கேனில் என்ன வருமோ என்று காத்திருப்பவர்கள், தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த மாதிரி நாட்களில் பெரிய கஷ்டமே எதற்கும் தேதி இல்லாததுதான். கெட்ட செய்தியைக்கூட தாங்கிக்கொள்ளலாம், எப்போது வரும் என்றே தெரியாத செய்தி ஆளை அரித்துவிடும்.

இப்படி இருக்கும்போது "ஊட்டி பக்கம் போய்ட்டு வா, மனசு லேசாகும்" என்று யாராவது சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கையில் காசும் இல்லை, கிளம்பும் தெம்பும் இல்லை என்கிற நேரத்தில் அது ஆகிற காரியமா? நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். உங்கள் தெருவில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்த சில மாதங்கள் அதைப் பாருங்கள். உங்கள் வாழ்க்கையில் இல்லாத தேதி அந்த மரத்திடம் இருக்கிறது.

எந்த மரம்? பால் வாங்கவோ பஸ் பிடிக்கவோ எப்படியும் கடந்து போகிற வழியில் இருக்கிற மரம். தேடிப் போக வேண்டிய மரம் வேண்டாம், மனம் சரியில்லாத நாளில் போக மாட்டீர்கள். சென்னைத் தெருக்களில் என்னைக் கேட்டால் முதலில் புங்கத்தைச் சொல்வேன், ஏனென்றால் அது மாறுவது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி செத்துப்போனது போல நிற்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் தடவியது மாதிரி மினுமினுக்கிற இளம்பச்சை இலைகளோடு முழு மரமும் புதிதாகிவிடும், அப்புறம் பூ உதிர்ந்து கீழே நிற்கிற பைக் சீட்டெல்லாம் மூடிக்கிடக்கும். வேம்பும் நல்ல தேர்வு. அதன் துளிர் செம்பு நிறத்தில் வரும், சித்திரை பிறக்கும்போது பூ இருக்கும், ஆனி, ஆடியில் மஞ்சளாகப் பழுத்து விழும். வாதா மரம் என்றால் மார்கழி, தை வாக்கில் இலைகள் ரத்தச் சிவப்பாகி உதிர்வதைப் பார்க்கலாம். வாரக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பூவரசு. காலையில் மஞ்சளாக விரிகிற பூ வாட வாடச் சிவந்துவிடும், ஒரே நாளில் ஒரு மாற்றத்தைப் பார்த்துவிடலாம்.

பார்ப்பது எப்படி என்றால், வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஐந்து நிமிடம். போனை எடுக்காதீர்கள், எடுத்தால் மெயில் வந்திருக்கிறதா என்றுதான் கை போகும். கிளை நுனியைப் பாருங்கள், துளிர் அங்கேதான் முதலில் வரும். பிறகு தரையைப் பாருங்கள், மேலே என்ன நடக்கிறது என்பதைப் பாதி நேரம் தரைதான் சொல்லும். வீட்டுக்கு வந்து மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் இரண்டு மூன்று வார்த்தை எழுதுங்கள். "நுனியில் துளிர். அணில்." அவ்வளவு போதும், மனநிலையைப் பற்றியெல்லாம் எழுத வேண்டாம்.

இதில் முக்கியமான வேலை இனிமேல்தான். அடுத்து என்ன வரும், எப்போது வரும் என்று ஒரு ஊகத்தை முன்கூட்டியே காலண்டரில் எழுதி வையுங்கள். "பங்குனி கடைசியில் பூ" என்பது போல. இரண்டு வாரம் முந்தலாம், பிந்தலாம், பரவாயில்லை. எதுவுமே நம் கணக்கில் இல்லாத ஒரு காலத்தில் ஒரு விஷயத்தை எதிர்பார்த்து, அது வந்தும் சேர்வது என்பது பெரிய விஷயம், அதை அனுபவித்துப் பார்த்தால்தான் புரியும்.

எங்கள் அப்பா நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது காத்திருப்போர் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு இருந்தது. வீட்டுக்கு எப்போது போகலாம் என்ற கேள்விக்கு அங்கே யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, டாக்டர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு அந்த மரம் பூ தந்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். தந்தது. உதிர்ந்த பூவைப் புடவைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவின் உடம்பை அந்த மரம் ஒன்றும் செய்யவில்லை, மருந்துதான் செய்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஜன்னல் இருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

மரம் பழகிய பிறகு கொஞ்சம் அகலமாகப் பார்க்கலாம். நம் மரபில் பருவம் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் தொடங்கி ஒவ்வொன்றும் இரண்டு மாதம், அதனால் எந்த நிலையில் இருந்தாலும் இரண்டு மாதத்துக்குள் வெளியே ஒன்று மாறியே தீரும். கூதிரில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஒரு வருட மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. அதை ஒட்டித்தான் ஆறுமணிக்குருவியும் வரும். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வருகிற பறவை, பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரமாக ஒரு விசில். சில சமயம் களைத்துப்போய் ஊருக்குள் வீட்டு வாசலிலேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அமைதியான இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மழை எல்லோருக்கும் ஆறுதல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு ஐப்பசி மேகம் கறுத்தாலே வயிற்றைக் கலக்கும். அதை ரசித்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்களுக்கு அந்த மாதம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், தையிலிருந்து தொடங்குங்கள்.

சரி, ஜன்னலைத் திறந்தால் எதிர் அபார்ட்மெண்ட் சுவர்தான் என்றால் மொட்டை மாடிக்குப் போங்கள். நவம்பர் கடைசியில் இருட்டும் நேரத்தில் கிழக்கே சின்னக் கொத்தாகக் கார்த்திகை நட்சத்திரங்கள் எழும், ஒரு மாதம் கழித்து அதே நேரத்தில் அதே பக்கம் சிவப்பாகத் திருவாதிரை. ஆனி, ஆடியில் மேகம் விலகினால் தெற்கே கேட்டை, அதுவும் சிவப்புதான். நகர வெளிச்சத்திலும் திருவாதிரையும் கேட்டையும் தெரியும்.

பெயரெல்லாம் தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் கேளுங்கள், எந்த மாதம் இலை கொட்டும், எப்போது எறும்பு இறங்கும் என்று அவருக்குத் தெரியாதது இருக்காது. அந்தப் பேச்சும் உங்களுக்கு நல்லதுதான், வேலை என்ன ஆச்சு என்று கேட்காத ஒருவரோடு பேசுவது இந்த நாட்களில் அபூர்வம்.

தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதற்கு மரம் போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள்.

வருடம் முடிந்ததும் எழுதிய காலண்டரைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். புதுக் காலண்டரை அதன் பக்கத்திலேயே மாட்டுங்கள், பூ எத்தனை நாள் முந்தியது, மழையால் காய் குறைந்ததா என்பதெல்லாம் இரண்டாம் வருடம்தான் தெரியும். அதற்குள் ஆர்வம் பிடித்துவிட்டால் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், அங்கேயும் இதே வேலைதான், வாரம் ஒருமுறை ஒரே மரத்தின் இலை, பூ, காய் எப்படி இருக்கிறது என்று குறித்து அனுப்ப வேண்டும்.