மழைக்குறி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதுதான் முதல் தவறு. நிலாவைச் சுற்றி உண்மையிலேயே இரண்டு வகை வட்டங்கள் தெரியும். பெரிய வட்டம், மிக உயரத்தில் பரவிய மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் 22 டிகிரி தள்ளித் தோன்றுவது. கையை நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவு தூரம் இருக்கும். நிலாவை ஒட்டிய சின்ன வட்டமோ நீர்த்துளிகளின் வேலை. உயரத்துப் பனிமேகம் பல நேரம் மழை மேகங்களுக்கு முன்னால் வந்து சேரும் என்பதால், பழமொழியில் விஷயம் இருக்கிறது. இவ்வளவு நுட்பமாக வானத்தைப் பார்த்தவர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அதற்காக வட்டம் தெரிந்தாலே மழை உறுதி என்று நம்பிவிடவும் கூடாது. அந்த மேகம் அப்படியே கலைந்தும் போகும்.

அடுத்தது, ஓரிடத்துக் குறியை வேறிடத்தில் பொருத்திப் பார்ப்பது. மாலையில் வானம் சிவந்தால் மறுநாள் தெளிவாக இருக்கும் என்பது, வானிலை மேற்கிலிருந்து கிழக்காக நகரும் மிதவெப்ப மண்டலத்தில் ஓரளவு பலிக்கும். கீழைக்காற்று வீசும் வெப்பமண்டலத்தில் அதை நம்ப முடியாது.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறது, தும்பி தாழப் பறக்கிறது. சரி, பூச்சிகள் காற்றின் ஈரப்பதத்தை உணர்கின்றன. ஆனால் அவை காட்டுவது அந்த நேரத்து நிலையைத்தான். அதை வைத்து இந்த வருஷம் மழை எப்படி என்று சொல்ல முடியாது. எறும்பு ஏறியும் மழை வராத நாட்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. அவற்றையும் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள், குறியின் பலம் தானாகத் தெரியும்.

உயிரையே பறிக்கும் தவறு இடி மின்னல் விஷயத்தில்தான் நடக்கிறது. மின்னல் விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்பது முழுப் பொய். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை வருடத்துக்குச் சுமார் 25 முறை மின்னல் தாக்குகிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கு சரிதான். ஆனால் "ஐந்து கிலோமீட்டர் தள்ளித்தானே" என்று வெளியிலேயே நிற்காதீர்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தாண்டியும் மின்னல் விழும். இடி காதில் கேட்டாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ கூரையுள்ள காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.