பெரிய புராஜெக்ட்ல உள்ளூர் கம்பெனிக்கும் உள்ளூர் ஆளுக்கும் வேலை நிஜமா போய்ச் சேர என்ன பண்ணணும்

சுரங்கமோ ரிஃபைனரியோ துறைமுகமோ, பெருசா ஒண்ணு ஒரு ஏரியாவுக்கு வந்தா "உள்ளூர்காரங்களுக்கு முன்னுரிமை"ன்னு எல்லா பேப்பர்லயும் எழுதியிருப்பாங்க, ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு பர்ச்சேஸ் ஆர்டர் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க, பாதிக்கு மேல வெளியூர் கம்பெனி பேரா இருக்கும். யாரும் திட்டம் போட்டு ஒதுக்கணும்னு இல்ல, டெண்டர் எழுதுற விதத்துலயே உள்ளூர் ஆள் வாசல்லயே நின்னுடறாரு. அதனால நான் அடிச்சு சொல்றது ஒண்ணு தான், உள்ளூர்காரங்களுக்கு கிளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனி தான் வாங்குற முறையை மாத்தணும். பர்ச்சேஸ், காண்ட்ராக்ட்ஸ், கம்யூனிட்டி டீம்ல இருக்கறவங்களுக்காகத் தான் இதை எழுதறேன்.

முதல்ல உள்ளூர்னா யாருன்னு எழுத்துல முடிவு பண்ணிடுங்க. புராஜெக்டால நிலம், வழி, தண்ணி பாதிக்கப்பட்ட ஊர்க்காரங்க முதல் வட்டம், அதுக்கப்புறம் மாவட்டம், அப்புறம் தான் நாடு. இதைச் சொல்லாம விட்டா தலைநகர்ல ஆபீஸ் வச்சிருக்கறவன் கூட சைட் பக்கத்துல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துட்டு நானும் உள்ளூர் தான்னு வந்து நிப்பான். அட்ரஸ் ப்ரூஃபை மட்டும் பார்க்காதீங்க, ஓனர் யாரு, சம்பளப் பட்டியல்ல யாரு இருக்காங்க, வேலை எங்க நடக்குதுன்னு மூணையும் கேளுங்க. கானா 2013ல பெட்ரோலியத் துறைக்கு கொண்டு வந்த ரெகுலேஷன்ல பினாமியா முன்னாடி நிக்கறதையே குற்றம்னு எழுதி வச்சிருக்காங்க, அந்த அளவுக்கு இது எல்லா ஊர்லயும் நடக்கற விஷயம்.

அடுத்தது என்னென்ன வாங்கப் போறோம்ங்கற லிஸ்ட். பொருள், அளவு, எந்த மாசம் வேணும், எந்த ஸ்டாண்டர்ட், யார் வாங்கப் போறாங்க, இவ்வளவும் அதுல இருக்கணும். கடைசியா சொன்ன "யார் வாங்கப் போறாங்க"ங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா கட்டுமான சமயத்துல நிறைய பர்ச்சேஸ் ஓனர் கம்பெனி பண்றதில்ல, மெயின் காண்ட்ராக்டர் தான் பண்றாரு, அவருக்கு உங்க வாக்குறுதி எதுவும் தெரியாது. அதனால அவரோட காண்ட்ராக்ட்லயே உள்ளூர் பர்ச்சேஸ் இவ்வளவு, உள்ளூர் ஆள் இவ்வளவு, மாசா மாசம் ரிப்போர்ட்னு ஷரத்தா போட்டுடுங்க, அதுவும் கையெழுத்துக்கு முன்னாடியே. கையெழுத்து ஆனப்புறம் கேட்டா அதுக்கு எக்ஸ்ட்ரா பில் தான் வரும்.

இப்ப டெண்டருக்கு வருவோம், நிறைய பேர் தோக்கறது இங்க தான். தொழிலாளர்கள் தங்கற கேம்ப் வேலைகளை எடுத்துக்குங்க, சமையல், க்ளீனிங், துணி துவைக்கறது, குப்பை எடுக்கறது, தோட்டம், பஸ் எல்லாத்தையும் ஒரே பேக்கேஜா கட்டி "ஃபெசிலிட்டி மேனேஜ்மெண்ட்"னு போட்டுடுவாங்க. கீழ கண்டிஷன் என்னன்னா மூணு வருஷ ஆடிட்டட் கணக்கு, இதே அளவு வேலை ஏற்கெனவே செஞ்ச அனுபவம், பத்து பர்சென்ட் பேங்க் கேரண்டி (வேலையைச் சரியா முடிக்கலைன்னா பேங்க் பணம் தரும்ங்கற உத்தரவாதம்), தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சர்டிஃபிகேட். துணி துவைக்கறதை மட்டும் அருமையா செய்யக்கூடிய ஒரு அம்மா பக்கத்துலயே யூனிட் வச்சிருக்காங்க, மெஷின் இருக்கு, ஆள் இருக்கு, ஆனா இந்தப் பக்கத்தைப் பார்த்த உடனே மூடி வச்சிடுவாங்க. அதையே தனியா பிரிச்சு, ஒரு நாளைக்கு இத்தனை செட் யூனிஃபார்ம், இத்தனை மணி நேரத்துல திரும்ப வரணும், முதல் ஆறு மாசம் பாதி அளவு, சரியா போனா முழு அளவுன்னு எழுதிப் பாருங்க, அவங்க எடுப்பாங்க. சின்ன வேலைக்கு பேங்க் கேரண்டிக்கு பதிலா பில்லுல கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கலாம், அந்தப் பணத்தை எப்ப திருப்பித் தருவீங்கன்னும் எழுதிடுங்க. ஐஎஸ்ஓ சர்டிஃபிகேட் நிஜமா தேவைப்படற இடத்துல மட்டும் கேளுங்க, தேவைன்னா வாங்கறதுக்கு டைம் குடுங்க. பாதுகாப்பு விதியில மட்டும் தளர்வே கூடாது, அதுக்குப் பதிலா ஆபத்தான வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாங்கற பர்மிட்டை எப்படி எழுதறது, ஆபத்தை முன்கூட்டி எப்படிப் பார்க்கறதுன்னு உங்க சேஃப்டி ஆள் அவங்க கூட உக்காந்து சொல்லிக் குடுக்கட்டும்.

மொசாம்பிக்ல மோசால் அலுமினிய ஆலைல இது நடந்திருக்கு. முதல் கட்டம் கட்டினப்ப உள்ளூர் சின்ன கம்பெனிகளுக்கு கிடைச்சது ரொம்ப கம்மி, விரிவாக்கத்தப்ப உலக வங்கிக் குழுமத்தோட ஐஎஃப்சி கூட சேர்ந்து வேலையைச் சின்னச் சின்ன பேக்கேஜா பிரிச்சு, டெண்டர்ல விலை குறிச்சுக் கலந்துக்கறது எப்படிங்கறதுல இருந்து சொல்லிக் குடுத்தாங்க.

பணம் குடுக்கற நாள்! இதை எவ்வளவு சொன்னாலும் தகும். 90 நாள் கழிச்சுத் தான் பேமெண்ட்னா சின்ன ஓனர் அதுவரைக்கும் கந்து வட்டிக்கு வாங்கித் தான் சம்பளம் போடணும், ஆர்டர் பெருசாக பெருசாக அவர் நஷ்டமும் பெருசாகும். இந்தியாவோட 2006 எம்எஸ்எம்இ சட்டம் குறு, சிறு கம்பெனிகளுக்கு அதிகபட்சம் 45 நாள்னு வச்சிருக்கு, ஐரோப்பிய யூனியனோட 2011 விதி பொதுவா 60 நாள்னு சொல்லுது, ஆனா சட்டம் குடுக்கற கடைசி நாள் வரைக்கும் இழுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, சின்ன சப்ளையருக்கு 15 நாள்னு நீங்களே வச்சுக்கலாம். பில் எந்த டேபிள்ல நிக்குதுன்னு கேக்க ஒரு ஆள், ஒரு போன் நம்பர் குடுங்க. நைஜீரியால 2010 சட்டப்படி எண்ணெய் எடுக்கற துறை காண்ட்ராக்ட்கள்ல இருந்து 1 சதவீதம் பிடிச்சு உள்ளூர் திறனை வளர்க்கற நிதிக்குப் போகுது, கடன் கிடைக்காம ஒரு கம்பெனி திணறும்போது அந்த மாதிரி நிதி எவ்வளவு பெரிய கை கொடுக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, விலை ஜாஸ்தியா இருந்தாலும் வாங்கணுமான்னு கேப்பீங்க. நார்வே 1972ல எண்ணெய்த் துறைக்கு விதி போட்டப்ப தரம், சர்வீஸ், டெலிவரி, விலை நாலுலயும் போட்டி போட முடிஞ்சா நார்வே கம்பெனிக்குக் குடுன்னு தான் எழுதினாங்க, அது சரியான வழின்னு நான் நினைக்கறேன். இரக்கத்துல குடுத்த ஆர்டர் மேனேஜர் மாறினதும் போயிடும்.

ஆட்கள் விஷயம். வேலை ஆரம்பிக்கற மாசத்துல ட்ரெய்னிங் ஆரம்பிச்சா தோட்டமும் செக்யூரிட்டியும் தான் உள்ளூர் ஆளுக்கு மிஞ்சும். உதாரணமா பைப் வெல்டர், 6ஜி டெஸ்ட்ல பைப்பை 45 டிகிரி சாய்ச்சு அசையாம பிடிச்சு வச்சுடுவாங்க, வெல்டர் தான் சுத்தி வந்து அடிக்கணும், கேட் கிரில் அடிச்சுப் பழகினவர் கூட அதை எடுக்க மாசக்கணக்குல பயிற்சி வேணும், அதனால டெண்டர் போடறதுக்கு முன்னாடியே ட்ரெய்னிங் பேட்ச் ஆரம்பிச்சிடணும். ஏஜெண்ட் மூலமா ஆள் எடுத்தா தொழிலாளிகிட்ட ஒரு பைசா கூட வாங்கக்கூடாதுன்னு காண்ட்ராக்ட்ல போடுங்க, சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவோட 1997ம் வருஷ 181வது உடன்படிக்கையும் அதைத் தான் சொல்லுது. கட்டுமானம் முடிஞ்சதும் ஆள் எண்ணிக்கை மடமடன்னு குறையும், அந்தத் தேதியை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிடுங்க, மறைச்சு வைக்கறது பெரிய அநியாயம், ஏன்னா அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்கியிருப்பாங்க. சப்ளையருக்கும் இதே தான், உங்க ஒரு கம்பெனியையே நம்பி இருக்கறவங்களை வேற கஸ்டமர் தேடச் சொல்லி நீங்களே தள்ளுங்க.

அப்புறம் டெண்டர்ல தோத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசற பழக்கம் வேணும். "ரிக்ரெட்"னு ரெண்டு வரி மெயில் அனுப்பினா அவங்க அடுத்த தடவை வர மாட்டாங்க. அரை மணி நேரம் உக்கார வச்சு விலை எங்க ஏறுச்சு, எந்த பேப்பர் இல்ல, எந்த ஸ்பெக்கைத் தப்பா படிச்சாங்கன்னு காட்டுங்க, அடுத்து எந்த மாசம் எந்த டெண்டர் வருதுங்கற லிஸ்ட்டையும் கையோட குடுத்து அனுப்புங்க.