கிணற்று நீர் கெட்டால் யாரிடம், எப்படி முறையிடுவது? யாழ்ப்பாணத்தாருக்கான படிப்படியான விளக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் சுண்ணக்கல்லுக்குள் ஊறித் தேங்கும் மழைநீரே கதி. அந்தக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் அதிகம் என்பதால் கழிவு வடிபடாமலே தூரம் போய்விடும். ஒரு வளவில் ஊற்றிய கழிவு ஒயில் அடுத்த ஒழுங்கையின் கிணற்றில் மிதப்பதற்கும், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி விட்டும் நீர் கெடுவதற்கும் இதுதான் காரணம்.

கிணற்றைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உள்நாட்டு நீரை மாசுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. கிணறும் நிலத்தடி நீரும் அதன் வரையறைக்குள் அடங்கும். ஆனாலும் பல முறைப்பாடுகள் பாதியில் நின்றுபோகின்றன. பெரும்பாலும் கையில் பரிசோதனை அறிக்கை இல்லாமல் போவதும், பிழையான அலுவலகத்துக்குப் போவதுமே காரணம். அந்த இரண்டையும் சரியாகச் செய்வதற்கான வழி இது.

முதற்படி: எந்த வகை மாசு?

எண்ணெய் மணமோ நீரின் மேல் வானவில் நிறப் படலமோ இருந்தால் சேர்விஸ் நிலையம், எரிபொருள் நிலையம், ஜெனரேற்றர் உள்ள இடம் ஆகியவற்றைப் பாருங்கள். மழைக்குப் பின் நீர் கலங்கி, வீட்டில் வயிற்றோட்டமும் வந்தால் மலக்குழிக் கசிவாக இருக்கலாம். கோடை முற்றும்போது உப்புக் கரித்தால் அது அளவுக்கு மீறிய இறைப்பின் விளைவு. நல்ல நீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீரின் எல்லை ஏறக்குறைய 40 அடி மேலே ஏறும். உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. வெங்காயம், புகையிலை, மரக்கறித் தோட்டங்களுக்கு அருகிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் அதைப் பரிசோதித்துத்தான் அறியலாம்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

அதிகம் பிழைபடும் இடம் இதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே சோடாப் போத்தலில் நீர் பிடித்துக்கொண்டு போனால் முடிவு பயன்படாது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ வேறு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்திலோ முதலில் கட்டணத்தையும் மாதிரி ஏற்கும் நாளையும் கேளுங்கள். போத்தல்களையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

நைத்திரேற்று, குளோரைட்டு (உப்புத்தன்மையைக் காட்டுவது), வன்மை (சுண்ணாம்புச் சத்தால் வரும் கடினத்தன்மை) ஆகியவற்றுக்குச் சுத்தமான 1 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் போதும். அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசிவிட்டு நிரப்புங்கள்.

எண்ணெய்க்கு வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல்தான் வேண்டும். எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். அதே காரணத்துக்காக இந்தப் போத்தலை மாதிரி நீரால் அலசக் கூடாது, ஒரு போத்தலிலிருந்து மற்றதற்கு மாற்றவும் கூடாது. பம்பியின் குழாய் அடியிலிருந்து இழுப்பதால் மேலே மிதக்கும் படலம் அதில் வராமல் போகலாம். கிணற்றின் மேல் நீரிலிருந்தே எடுங்கள்.

பற்றீரியாவுக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலை அலசவோ, மூடியின் உட்புறத்தைத் தொடவோ வேண்டாம். மேலே சற்று வெற்றிடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் சேர்த்துவிடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்ட கையோடு இந்த மாதிரியை எடுத்தால் உண்மை தெரியாது.

போத்தலில் திகதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அழியாத மையால் எழுதுங்கள். முடிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வரவழைத்து அவர் கையால் மாதிரி எடுப்பியுங்கள். நீங்களே எடுத்த மாதிரி முறைப்பாட்டைத் தொடங்க உதவும். வழக்கு என்று வரும்போது அதிகாரி எடுத்த மாதிரிக்கே வலு அதிகம்.

மூன்றாம் படி: அறிக்கையை வாசித்தல்

குடிநீருக்கான இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 614 (2013). அதன்படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும், குளோரைட்டு 250க்கும், எண்ணெய் 0.2க்கும் மேற்படக் கூடாது. மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பற்றீரியா 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை 'நைதரசனாக' எழுதும். அப்படியானால் எல்லை ஏறக்குறைய 11. இதைக் கவனிக்காமல் '20தானே, 50க்குக் கீழே' என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். வன்மையின் எல்லை 250. நமது சுண்ணக்கல் நீர் இயல்பாகவே அதைத் தாண்டக்கூடும். அதை வைத்து யார் மேலும் முறையிட முடியாது.

நைத்திரேற்று கூடியிருந்தால் அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடத்தான் செய்யும். எண்ணெயும் கொதிக்க வைப்பதால் நீங்காது. கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டுமே மருந்து.

நான்காம் படி: சரியான அலுவலகம்

மலக்குழிக் கசிவு, வீட்டுக் கழிவுநீர், வாய்க்காலில் கொட்டும் குப்பை ஆகியவற்றுக்கு உங்கள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் முறையிடுங்கள். தொழிற்கூடக் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம். வணிக நோக்கில் குழாய்க்கிணறு தோண்டி அள்ளுவது பற்றி நீர்வளச் சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதுங்கள்.

தோட்ட உரத்தால் வரும் நைத்திரேற்றுக்கு மட்டும் சட்டத்தின் கை எட்டுவது மிகக் குறைவு. நூறு தோட்டங்களில் எது காரணம் என்று காட்ட முடியாது. அங்கே கமநல சேவை நிலையத்தோடும் விவசாயத் திணைக்களத்தோடும் பேசி, யூரியாவைப் பிரித்துப் பிரித்து அளவாக இடவைப்பதுதான் வழி. அயலவர் மேல் வழக்குப் போட்டுப் பயனில்லை.

ஐந்தாம் படி: உரிமத்தைத் தேடுங்கள்

மாசுபடுத்தக்கூடிய தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டும். வர்த்தமானியில் அவை அ, ஆ, இ என மூன்று வகையாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. மாசு குறைந்த மூன்றாம் வகைக்கு உள்ளூராட்சி மன்றமும், மற்றவற்றுக்கு அதிகாரசபையும் உரிமம் தருகின்றன. கழிவுநீரை எப்படிச் சுத்திகரிப்பது, எங்கே விடுவது என்ற நிபந்தனைகளெல்லாம் அந்த உரிமத்தில்தான் இருக்கும். அதை மீறினால் உரிமத்தை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ முடியும். 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்ற முறைப்பாட்டைவிட 'இந்த நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது' என்ற முறைப்பாட்டுக்கு வலு அதிகம்; அலுவலகம் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

உரிமத்தின் பிரதியைப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்காமல் ஆவணங்களைக் கேளுங்கள்:

'மேற்படி முகவரியில் இயங்கும் நிலையத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா? இருப்பின் அதன் தொடக்க, முடிவுத் திகதிகளையும் நிபந்தனைகளுடன் கூடிய பிரதியையும் தருக. கடந்த 2 ஆண்டுகளின் கண்காணிப்பு அறிக்கைகளினதும் கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகளினதும் பிரதிகளையும் தருக.'

தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அந்த நிறுவனத்தில் மேன்முறையீட்டை ஏற்கும் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கையோடு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நாள் எண்ணுவதற்கு ஆதாரமே இல்லை.

கழிவுநீர் முடிவுகளில் ஒரு நுட்பம் உண்டு. மேற்பரப்பு நீர்நிலைகளில் விடும் தொழிற்கூடக் கழிவுநீரில் எண்ணெய் 10 மில்லிகிராம் வரை இருக்கலாம் என 2008ஆம் ஆண்டு வர்த்தமானி அனுமதித்தது. குடிநீருக்கான எல்லையோ 0.2. 'தரத்துக்குள் இருக்கிறது' என்ற பதிலோடு திரும்பிவிடாமல், அந்த நீர் எங்கே விடப்படுகிறது என்று கேளுங்கள். ஊறுகுழியில் இறக்கினால் அது நேராகக் கல்லின் வெடிப்புக்குள் போகிறது.

ஆறாம் படி: முறைப்பாட்டுக் கடிதம்

ஒரு பக்கம் போதும். என்று தொடங்கியது, கிணற்றுக்கும் கழிவு விடும் இடத்துக்கும் உள்ள தூரம், எத்தனை குடும்பங்கள் அந்த நீரைக் குடிக்கின்றன, அறிக்கையின் எண்கள், மீறப்பட்ட நிபந்தனை ஆகிய இவ்வளவும் எழுதுங்கள். 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று மட்டும் முடிக்காமல், கூட்டுக் கள ஆய்வு, கழிவு வெளியேறும் வாயிலிலேயே அதிகாரிகள் எடுக்கும் மாதிரி, ஆய்வறிக்கையின் பிரதி என்ற மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஊகத்தில் யாரையும் குற்றஞ்சாட்டி எழுத வேண்டாம். அயல் வீட்டாரின் கையொப்பங்களையும் சேர்த்துப் பதிவுத்தபாலில் அனுப்பி, பிரதிகளைப் பிரதேச செயலாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்புங்கள். அறிக்கையின் மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

ஏழாம் படி: நீதிமன்றம்

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத்தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். பலரைப் பாதிப்பதாகக் காட்ட வேண்டும் என்பதால் அந்தக் கையொப்பங்கள் இங்கும் உதவும்.

அரச நிறுவனம் தன் கடமையைச் செய்யத் தவறினால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையக் கழிவு எண்ணெயால் கிணறுகள் கெட்ட வழக்கில் (எஸ்.சி. எஃப்.ஆர். 141/2015) நடந்தது அதுதான். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

இந்த வழியில் காலம் மிகக் குறுகியது. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கட்டளையோ உத்தரவாதமோ கிடைத்தபின்னும் கோப்பை மூடாதீர்கள். கல்லிடுக்கில் தங்கிய எண்ணெயும் நைத்திரேற்றும் மாரி மழையோடு திரும்பவும் வரும். அடுத்த மாரி முடிந்த கையோடும் அதையடுத்த கோடை முற்றும்போதும் அதே கிணற்றில், அதே முறையில் மாதிரி எடுத்து, அதே கோப்பு இலக்கத்தைக் குறிப்பிட்டு முடிவை அனுப்பிவையுங்கள்.